ஏரோப்ளேன் ஏற ஆடு மேய்த்தோம்

மேட்டுக்காட்டுப் புல்லில் பனி இன்னும் காயவில்லை. முன்னால் நான் வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் எங்கள் ஆட்டு மந்தை. மந்தைக்கும் பின்னால் கோலோடு அப்பா. எதிரே, மைதானத்தின் நடுவில், குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சபாபதி சார் நின்றார்.

"என்ன டீச்சரம்மா இது?" என்றார்.

"புல்லுக்கு ஆள் கொண்டு வந்திருக்கேனுங்க சார்."

அவர் மந்தையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ஆளுன்னா ரெண்டு கால் இருக்கும்னு நினைச்சேன்."

"இவங்களுக்கு நாலு இருக்குதுங்க. வேலை வெரசா முடியும்."

பின்னால் அப்பா கனைத்தார். அவர் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் கனைப்பார்.

சபாபதி சார் சிரிக்கவில்லை. "இது விமான மைதானமா, ஆட்டுப் பட்டியா? சேலத்துக்காரங்க வந்து பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, அந்தப் புல் தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டி சேலத்துக்குப் போய்விடும். சேலத்துக்குப் போனால் என் விமானத்தை நான் பறக்க விட முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

மூன்று பேர் கழகம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். மறுபடியும் எழுதுகிறேன். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்கவில்லை. தலைக்கனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

சேலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, ராசிபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக வந்திருந்தேன். யுத்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது, காகிதம் கிடைக்காது. சேலம் நாமக்கல் பஸ்கூடப் பெட்ரோல் இல்லாமல், முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, மேடு வந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது.

சபாபதி சார் எங்கள் பள்ளியின் விஞ்ஞான, கணக்கு ஆசிரியர். அவருக்குப் பொம்மை விமானம் செய்து பறக்க விடுவதில் தீராத பித்து. பொம்மை என்றால் கோபித்துக்கொள்வார். "மாதிரி விமானம்" என்று திருத்துவார். அவரும், பஸ் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த காளியண்ணனும் சேர்ந்து ஒரு விமானக் கழகம் வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு கழகம், அதற்கு ஒரு செயலாளர். செயலாளர் சபாபதி சார்.

சீமையிலிருந்து வருகிற இலேசான மரத்தில்தான் அந்த விமானங்களைச் செய்வார்கள். யுத்தம் வந்ததும் மரம் வருவது நின்றுபோனது. மூங்கிலைச் சீவிச் செய்யலாம் என்று சார் முயன்றார். அவர் சீவிய மூங்கில் விறகுக்குத்தான் ஆயிற்று.

ஆட்டுப் பட்டியைச் சுற்றி நிறுத்தும் மூங்கில் படல் பின்னுகிற வீட்டில் பிறந்தவள் நான். மூங்கிலைப் பிளக்கும் கத்தி என் கைக்குப் பென்சிலுக்கு முன்பே வந்தது. ஒரு நாள் இடைவேளையில் அவர் மேஜைமேல் கிடந்த மூங்கிலை எடுத்து, ஈர்க்குச்சி கனத்துக்குச் சீவிக் கொடுத்தேன். அவர் அதை வளைத்துப் பார்த்தார். விட்டதும் அது நிமிர்ந்தது.

"டீச்சரம்மா, நீங்க கழகத்துல சேர்ந்துடுங்க" என்றார்.

"சீவிக் கொடுக்க மட்டுமுன்னா சேர மாட்டேனுங்க சார். எனக்கும் ஒண்ணு செஞ்சு பறக்க விடோணும்."

அப்படித்தான் கழகம் மூன்று பேர் ஆனது. என் விமானத்துக்கு எலும்பு மூங்கில், தோல் காற்றாடிக் காகிதம், பசை மரவள்ளிக் கிழங்கு மாவு. பழைய சைக்கிள் டியூபைக் காளியண்ணன் பிளேடால் நூல்நூலாக அறுத்துக் கொடுப்பார். அதை முறுக்கி விட்டால் மூக்கில் உள்ள விசிறி சுற்றும். கடையில் சிவப்புக் காகிதம் மட்டுமே மிச்சம் இருந்ததால் விமானம் சிவப்பாக இருந்தது. எங்கள் பட்டியில் எனக்குப் பிரியமான ஆட்டின் பெயரையே அதற்கு வைத்தேன். செவலை.

அறுப்பது வேறு, செதுக்குவது வேறு

ஒரு விமானக் கழகத்துக்குப் பெரிய எதிரி காற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்களுக்கு எதிரி புல்.

கையிலிருந்து எறிந்தால் எந்தக் குப்பையும் கொஞ்சம் பறக்கும். தரையில் வைத்து விட்டதும் தானே ஓடி, தானே எழுந்தால்தான் விமானம் என்பது சபாபதி சாரின் கொள்கை. சக்கரமோ சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதற்கு விரல் உயரப் புல்லே பெரிய காடு.

பள்ளிக்குச் சொந்தமான அந்த மேட்டுக்காட்டில் முளைப்பது கொழுக்கட்டைப் புல். ஒரு மழை பெய்தால் கணுக்கால். இரண்டு மழை பெய்தால் முழங்கால். ஆடு மாட்டுக்கு அதைவிட நல்ல தீனி எங்கள் பக்கத்தில் கிடையாது. விமானத்துக்கு அதைவிடக் கெட்ட தரையும் கிடையாது.

நான் சேருவதற்கு முந்தின வருஷம், சார் இரண்டு ஆட்களைப் பிடித்து, "மைதானத்துப் புல்லைச் சுத்தமாச் செதுக்கிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார்.

அவர் மனத்தில் இருந்தது முடி வெட்டுகிற மாதிரி மேலாக வெட்டுவது. எங்கள் பக்கத்திலோ அறுப்பது வேறு, செதுக்குவது வேறு. அரிவாளால் அறுத்தால் அடித்தாளும் வேரும் நிற்கும். களைக்கொத்தால் செதுக்கினால் வேரோடு போய்விடும். அந்த ஆட்கள் சொன்னதைச் செய்தார்கள். சாயங்காலம் சார் வந்து பார்க்கும்போது மைதானத்தின் மேற்குப் பாதி மொட்டை. செம்மண் பொடிப்பொடியாகக் கிளம்பிக் கிடந்தது. விமானத்தை வைத்தால் சக்கரம் புழுதியில் புதைந்தது.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீங்கதானுங்களே சுத்தமான்னு சொன்னீங்க. ஒரு வேரு இருக்குதான்னு பாருங்க" என்றார்களாம் பெருமையோடு.

மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். மேற்குப் பாதியில் அதன்பிறகு புல் சரியாக முளைக்கவே இல்லை. அந்த மொட்டைத் திட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அடுத்து அரிவாள். தீவனத்துக்குப் புல் எடுக்க வரும் பெண்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். நன்றாகத்தான் அறுத்தார்கள். ஆனால் நின்ற தாள் ஊசிமாதிரி இருந்தது. இறங்கிய விமானத்தின் வயிற்றுக் காகிதத்தை அது கிழித்தது. பறப்பது ஒரு நாள், ஒட்டுப்போடுவது ஒரு வாரம் என்று ஓடிக்கொண்டிருந்தது எங்கள் கழகம்.

சேலத்து மிஷின்

சேலத்தில் எங்களைப்போல ஒரு கழகம் இருந்தது. எங்களைப்போல என்று சொன்னது மரியாதைக்கு. அவர்கள் இன்ஜினீயர்கள், காலேஜில் படித்தவர்கள். துரைமார் கிளப்பின் மைதானத்தில் பறக்க விடுவார்கள். அங்கே புல் வெட்டுவதற்கென்றே கையால் தள்ளும் மிஷின் உண்டு.

அந்தக் கார்த்திகையில் இரண்டு கழகங்களுக்கும் போட்டி வைப்பதென்று முடிவானது. இடம் எங்கள் மேட்டுக்காடு. தரையிலிருந்து தானே எழ வேண்டும். அதிக நேரம் வானில் நிற்பது வெற்றி. ஆளுக்கு இரண்டு தடவை விடலாம்.

ஐப்பசி மழை அந்த வருஷம் வஞ்சனை இல்லாமல் பெய்தது. புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. சார் சேலத்துக்குச் சொல்லி அனுப்பினார். மிஷின் பஸ்ஸின் கூரைமேல் வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து இறங்கியது. ஊரே வேடிக்கை பார்க்கக் காளியண்ணன் தள்ளினார். பத்தடி போனது. நீளப்புல் உருளையில் சுற்றிக்கொண்டு நின்றது. பிடுங்கி எடுத்துவிட்டு மறுபடி தள்ளினார். 'டங்' என்றொரு சத்தம். புல்லுக்குள் கிடந்த கல் பிளேடின் வாயைத் திருப்பிவிட்டது.

"இது வெத்தலைப் பாக்குப் போடற ஊட்டு மிஷினுங்க சார். இதுக்குக் கரும்பு குடுத்தா என்ன பண்ணும்?" என்றார் காளியண்ணன்.

காயம்பட்ட மிஷின் பஸ் ஏறித் திரும்பிப் போனது. இரண்டு நாளில் பதில் வந்தது. புல்லைச் சமாளிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, போட்டியைச் சேலத்துக் கிளப் மைதானத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று.

சார் அதைச் சொன்னபோது எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்தக் கிளப்புல ஒரு வழக்கம். பெண்கள் வராந்தாவுல உக்காந்து டீ குடிக்கலாம். மைதானத்துல இறங்கக் கூடாது. உங்க செவலையை நான் விடுறேன் டீச்சரம்மா. பேரு உங்க பேருதான்."

"நான் செஞ்சத நீங்க விடறதுக்கா சார் நான் கழகத்துல சேர்ந்தேன்?"

அவர் குடைப் பிடியைத் திருகினார். "போட்டி இங்கேயே நடக்கும்னு சொல்லி அனுப்புங்க சார். புல்லு என் பொறுப்பு" என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷம் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில், எங்கள் பட்டிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது. ஆடு மேய்ந்துவிட்டுப் போன இடம் பாய் விரித்த மாதிரி கிடந்தது.

"கோலு தர மாட்டேன்"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியில் என் வகுப்புக்கும் சபாபதி சாரின் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். கணக்குத் தப்பாகப் போட்ட பையனிடம் அவர் தினமும் ஒரு வாக்கியம் சொல்வார். "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு." கோபமாகக்கூட இருக்காது, பழக்கம். எல்லா ஆசிரியர்களும் சொல்வதுதான். ஒவ்வொரு தடவையும் தட்டிக்கு இந்தப் பக்கம் என் கையில் சாக்பீஸ் நின்றுவிடும். என் அப்பா ஆடு மேய்ப்பவர்.

அப்பாவுக்கும் அந்த வாக்கியம் தெரியும். அதனால்தான் நான் கேட்டதும் மறுத்துவிட்டார்.

"ஆட்டுக்குப் பின்னால நீ போவேண்டாமுன்னுதானே சாமி உன்னையப் பள்ளிக்கோடம் அனுப்புனேன். இப்போ டீச்சரு ஆயிப்போட்டு, ஊரு பாக்க ஆடு ஓட்டிக்கிட்டு வாரேங்கற. பாக்கறவன் என்ன சொல்லுவான்? எத்தன படிச்சும் புத்தி பட்டிக்குத்தான் போகுதும்பான்."

"சொல்லட்டுங்கப்பா. ஏரோப்ளேன் ஏறுனா வாய மூடிக்குவான்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னாலும் ஆடு வயிறு ரொம்புமில்லீங்களா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "அது ஒண்ணுதான் நாயமாச் சொல்றா" என்றாள்.

அப்பா வெகுநேரம் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கோலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

"ஆடு தாரேன். கோலு தர மாட்டேன். கோலு என்ற கையிலதான் இருக்கும். நீ முன்னால டீச்சராட்டம் நட. ஒப்புக்குவியா?"

ஒப்புக்கொண்டேன். அதனால்தான் அன்று காலையில் நான் வெறுங்கையோடு மந்தைக்கு முன்னால் வந்தேன்.

றெக்கை தின்ற வெள்ளாடு

முதல் நாள் தோல்வி. ஆடுகளை இஷ்டத்துக்கு மேயவிட்டால் அவை ருசி பார்த்து மேய்கின்றன. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய். சாயங்காலம் பார்த்தால் மைதானம், முடிவெட்டக் கற்றுக்கொள்பவன் கையில் சிக்கிய தலைமாதிரி இருந்தது.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்றும் நடந்தது. மந்தையோடு நாலைந்து வெள்ளாடுகளும் வந்திருந்தன. செம்மறி குனிந்த தலை நிமிராமல் புல் மேயும். வெள்ளாட்டுக்குத் தரையில் இருப்பது பிடிக்காது, எட்டாததுதான் பிடிக்கும். சார் தன் விமானத்தைச் சோதனைக்காகக் கொண்டுவந்து, புல் படாமல் இருக்க வேலிமேல் வைத்திருந்தார். ஒரு வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி நின்று, ஒரு பக்கத்து றெக்கையை முழுசாகத் தின்றுவிட்டது. கிழங்கு மாவுப் பசை அதற்குப் பலகாரமாக இருந்திருக்க வேண்டும். மூங்கிலைமட்டும் துப்பிவிட்டது.

சார் ஓடிவருவதற்குள் அது அடுத்த றெக்கைக்குப் போயிருந்தது.

"என் விமானத்தைத் தின்னுட்டுது" என்றார் அவர், யாரிடம் சொல்வதென்று தெரியாமல்.

அப்பா அந்த ஆட்டின் காதைப் பிடித்து இழுத்து வந்தார். "றெக்கை தின்னுதுங்க. நாளைக்குப் பறக்குதான்னு பாத்துச் சொல்றனுங்க" என்றார்.

நான் பயந்துபோய் நின்றேன். சார் கொஞ்ச நேரம் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். புதிதாக ஒட்ட ஊரில் காகிதம் இல்லை. எங்கள் பக்கத்தில் இனி காளியண்ணனின் விமானமும் என் செவலையும் மட்டும்தான்.

"டீச்சரம்மா, இனி நீங்க ஜெயிச்சே ஆகணும். என் றெக்கைக்குப் பதில் சொல்லணுமில்ல" என்றார்.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். வெள்ளாடுகள் வீட்டில். தீவனப் பெண்களை அழைத்து உயரப்புல்லை அறுத்துக்கொள்ளச் சொன்னோம். அவர்கள் அறுத்த இடத்தில் படல்களைக் கட்டி, மந்தையை ஒரு சின்னத் துண்டுக்குள் அடைத்தோம். இடம் நெருக்கமானால் ஆடு ருசி பார்க்காது. பக்கத்து ஆடு தின்பதற்குள் தான் தின்ன வேண்டும் என்று ஊசித்தாளையும், அதன் அடியில் துளிர்த்த பசும்புல்லையும் ஒட்டக் கடிக்கும். கடித்ததை மிதிக்கும். ஒரு துண்டு முடிந்ததும் படலைப் பெயர்த்து அடுத்த துண்டு. பள்ளிக்கு முன்பு ஒரு தடவை, பள்ளி விட்டதும் ஒரு தடவை நான் படல் மாற்றினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படல் தூக்குகிற டீச்சரைப் பார்க்க பஸ் ரோட்டில் ஆட்கள் நின்றார்கள்.

"ஏனுங் டீச்சர், பள்ளிக்கோடத்துல பசங்க தீந்துபோச்சுங்களா? ஆட்டுக்குப் பாடம் எடுக்கறீங்க" என்று ஒருவர் கேட்டார்.

"பசங்களவிட இவங்க சொன்ன பேச்சுக் கேக்கறாங்க. வேணுமுன்னா நீங்களும் வந்து சேந்துக்கோங்" என்றேன். அவருடைய கூட்டாளிகளே அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

போட்டிக்கு முந்தின நாள், மைதானத்தின் கிழக்குப் பாதி பச்சைக் கம்பளம். புழுக்கைகளைச் சீமாற்றால் கூட்டி எடுத்தோம். அப்பா குனிந்து உள்ளங்கையால் புல்லைத் தடவினார். "இதுல படுத்துத் தூங்கலாம் சாமி" என்றார்.

இந்த ஊர்க் கம்பெனி

சேலத்துக்காரர்கள் கரி பஸ்ஸில் முகமெல்லாம் கறுத்து வந்து இறங்கினார்கள். மூன்று விமானங்கள், மூன்று தகரப் பெட்டிகளில். அவர்களுடைய தலைவர் தொப்பி போட்ட ஒரு இன்ஜினீயர். மைதானத்தில் நடந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நடந்தார்.

"பிரமாதம். எந்த மிஷின்ல வெட்டுனீங்க?"

காளியண்ணன் முந்திக்கொண்டார். "கொஞ்சம் சத்தம் போடற மிஷினுங்க. ராத்திரிக்குப் பட்டியில நிறுத்திப்போடுவோமுங்."

"என்ன கம்பெனி?"

"இந்த ஊர்க் கம்பெனிதானுங்."

சொல்லி வைத்தாற்போல வேலிக்கு அப்பாலிருந்து என் செவலை ஆடு கத்தியது. இன்ஜினீயர் அந்தப் பக்கம் பார்த்தார், கையில் படலோடு நின்ற அப்பாவைப் பார்த்தார், புரிந்துகொண்டார். மூக்கைச் சுருக்குவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து புல்லைக் கிள்ளி, மேய்ந்த நுனியைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். போட்டி தொடங்கியது.

அவர்களுடைய மூன்றாவது விமானம் அழகாக ஓடி எழுந்தது. வட்டம் போட்டு வட்டம் போட்டு, பனைமர உயரத்துக்குப் போய், ஆடாமல் அசையாமல் இறங்கியது. நல்ல ஆட்டம், பொய் சொல்ல மாட்டேன். சார் கடிகாரத்தை மூடும்போது அவர் முகம் வாடிப்போயிருந்தது.

காளியண்ணனின் விமானம் வேகமாக எழுந்து நேராக வேலிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. "அது பஸ்ஸாட்டமே போகுதுங்க, வளையத் தெரியல" என்று சொல்லிக்கொண்டு முள்ளுக்குள் கையை விட்டார். இரண்டாவது தடவைக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு என் முறை. சிவப்புச் செவலையைப் புல்மேல் வைத்து விட்டேன். ஓடியது, வால் தூக்கியது, தடுக்கிக் குப்புற விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சீமாற்றுக்குத் தப்பிய ஒரே ஒரு புழுக்கை.

கூட்டம் சிரித்தது. "ஆடே காலை வாரிப்போட்டுதுங்கோ" என்றது ஒரு குரல். நல்லவேளை, எதுவும் உடையவில்லை. மூங்கில் நான் சீவியதாயிற்றே.

இனி ஒரு தடவைதான். ரப்பரை முறுக்கினேன். அது முடிச்சு முடிச்சாகத் திரண்டு விரலில் துடித்தது. தரையில் வைத்தேன். விடவில்லை.

"விடுங்க டீச்சரம்மா. காற்று நல்லாத்தான் இருக்கு" என்றார் சார்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

"எதுக்கு?"

"பருந்து வரட்டுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

சின்ன வயதில் விடுமுறை நாளெல்லாம் குட்டிகளுக்குக் காவல் இருந்தவள் நான். குட்டி ஈன்ற பட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு கண் எப்போதும் வானத்தில் இருக்கும். பருந்து கண்ட இடத்தில் சுற்றாது. வெயில் ஏறியபின், சூடான வெறுந்தரைக்கு மேலே வந்து, இறக்கையை அடிக்காமல் மேலே மேலே போகும். சோளக் களத்தின்மேல் எருக்கம் பஞ்சு தானாக ஏறுவதைப் பார்த்து அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "காடு மூச்சு உடுது" என்பார். பயிற்சிப் பள்ளியில் அதையே வெப்பக்காற்று என்று படித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று பாடப் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசியது. மேற்கே, காற்று போகும் பக்கம், சாரின் ஆட்கள் ஒரு வேர் விடாமல் செதுக்கிப்போட்ட மொட்டைத் திட்டு காய்ந்துகொண்டிருந்தது.

வந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு பருந்து தாழ்வாக வந்து, மொட்டைத் திட்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. உயர ஆரம்பித்தது.

செவலையை விட்டேன்.

ஆடுகள் மேய்ந்து கொடுத்த தரையில் அது ஓடியது. புல் அதன் சக்கரத்தைப் பிடிக்கவில்லை. சட்டென்று நிழல் சக்கரத்திலிருந்து பிரிந்தது. ஏறி, இடதுபக்கமாக வட்டம் போட்டது. ஒவ்வொரு வட்டத்திலும் காற்று அதைக் கொஞ்சம் மேற்கே தள்ளியது. விசிறி ஓய்ந்தது. சேலத்து விமானம் இறங்க ஆரம்பித்தது இந்த இடத்தில்தான். செவலையும் மூக்கைத் தாழ்த்தியது. மொட்டைத் திட்டின் ஓரத்துக்கு வந்தது.

யாரோ கீழிருந்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கியதுபோல எழுந்தது.

பனையைத் தாண்டியது. பருந்துக்குக் கீழே, அது சுற்றிய அதே பக்கமாகச் சுற்றியது. பருந்து ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இடம் கொடுத்து விலகிப் போனது. ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சார் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "நான் செதுக்கச் சொன்ன இடம்... நான் செதுக்கச் சொன்ன இடம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சேலத்து இன்ஜினீயர்தான் முதலில் தொப்பியைக் கழற்றினார். விமானம் இன்னும் மேலேயே இருந்தது.

வெள்வேல மரத்து உச்சி

ஒருவழியாக அது இறங்கியபோது, மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டின் வேலியை ஒட்டிய வெள்வேல மரத்தின் உச்சியில் பூப்போல உட்கார்ந்தது. எல்லோரும் ஓடினோம். ஏறினால் முள். உலுக்கினால் கிழியும்.

அப்பா மெதுவாக வந்து சேர்ந்தார். கையில் ஆட்டுக்குக் காய் பறிக்கும் தொரட்டிக் கோல். காளியண்ணன் கை நீட்டினார். சார் கை நீட்டினார். அப்பா இருவரையும் தாண்டி வந்து, ஊரும் சேலமும் பார்க்க, கோலை என் கையில் கொடுத்தார்.

"நீயே எடு சாமி."

"கோலு தர மாட்டேன்னீங்களே?"

"அது ஆடு மேய்க்கறதுக்கு. இது ஏரோப்ளேன் மேய்க்கறதுக்கு" என்றார். கனைத்தார்.

தொரட்டியை நீட்டினேன். கிளையைத் தொடாமல், காயை உதிர்க்காமல், கொக்கியைச் சக்கரக் கம்பியில் மாட்டி இறக்கினேன். காகிதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கை பழக்கத்தை மறக்கவில்லை. சேலத்தைச் சேர்ந்த ஒருவர், "இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எங்கூட்டுலதானுங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் பாடவேளை கணக்கு. தட்டிக்கு அந்தப் பக்கம் சபாபதி சார் யாரையோ எழுப்பி விடை கேட்டார். தப்பான விடை வந்தது. வழக்கம்போல அவர் குரல் கிளம்பியது.

"நீ ஆடு மேய்க்க..."

அங்கே நின்றது. என் கையில் சாக்பீஸும் நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்.

"...ஆடு மேய்க்கக்கூட நீ லாயக்கில்லடா. அதுக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கணும்னு உனக்குத் தெரியுமா? உக்காரு. கணக்கை முதல்லேருந்து போடு."

என் வகுப்புப் பிள்ளைகள், டீச்சர் ஏன் பலகையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு எழுதிப் போட்டேன். ஒரு பட்டியில் சில ஆடுகள், ஒரு மைதானத்தில் சில துண்டுகள், என்று தொடங்கும் கணக்கு.